எம்.சி.சி. மாதிரி இன்னொரு காலேஜ் எங்கே?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், ஆர்ட்ஸ் காலேஜ் தேடும் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது: "தாம்பரம் கிறிஸ்டியன்ல கிடைக்காது போலிருக்கு. அதே மாதிரி வேற எது இருக்கு?" உடனே ஒருவர் செல்போனில் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையைத் திறப்பார். எம்.சி.சி. என்ற அந்த மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜுக்கு மேலே யார், கீழே யார் என்று பார்த்து நாலு பெயரை எழுதிக்கொள்வார்கள். விண்ணப்பமும் போய்விடும்.

அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அது அளப்பது கற்பித்தல் வசதி, ஆராய்ச்சி, தேர்ச்சி, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வது, வெளியே இருக்கும் நற்பெயர் என்ற ஐந்தைத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வளாகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதில் எங்கும் வராது. ஒரு கல்லூரி நமக்குப் பிடித்துப்போவதும், மூன்று வருடம் கழித்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதும் பெரும்பாலும் அந்த ஐந்து மணி விஷயத்தால்தான் என்பது என் கட்சி. தரவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கல்லூரிகளில் ஒன்று மூன்று மணிக்கே காலியாகிவிடலாம்.

முதலில் எம்.சி.சி.யையே கொஞ்சம் பார்ப்போம். 1837-இல் சென்னை நகருக்குள் பள்ளியாகப் பிறந்து, பாரிமுனைப் பக்கம் கல்லூரியாக வளர்ந்து, சரியாக நூறு வருடம் கழித்து 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர். சேலையூர்ப் புதர்க்காட்டை ஒட்டிய நிலம் அது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்கள் இன்று அந்த வளாகத்தின் அடையாளம். புள்ளிமான்கள் திரியும். பழைய விடுதிகள் மூன்று: சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். பெண்களுக்கான ஹால்கள் பிறகு வந்தன. ஒவ்வொரு ஹாலுக்கும் தனிக் குணம், தனிப் பெருமை, மற்ற ஹால்களோடு ஓயாத போட்டி. "டீப்வுட்ஸ்" என்ற கல்ச்சுரல்ஸுக்கு மற்ற கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பலருக்கு எம்.சி.சி. மோகம் பிடிப்பது அந்த நாட்களில்தான்.

இதே வளாகத்தில் இன்னொரு கல்லூரியும் உண்டு. செங்கல்பட்டிலிருந்தோ கிண்டியிலிருந்தோ மின்சார ரயிலில் வந்து, வகுப்பு முடிந்ததும் அதே ரயிலைப் பிடிக்கும் டே ஸ்காலரின் கல்லூரி. மரங்கள் அவனுக்கும் நிழல் தரும். ஆனால் ஹால் டே, நள்ளிரவு அரட்டை, மெஸ் கமிட்டிச் சண்டை எதுவும் அவன் கணக்கில் வராது. ஹாலில் இருந்தவரும் ரயிலில் வந்து போனவரும் எம்.சி.சி.யைப் பற்றிப் பேசிக் கேட்டால் இரண்டு வேறு ஊர்களைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும். அதனால், "அதே மாதிரி" வேண்டும் என்பவர் இந்த இரண்டில் எந்த எம்.சி.சி.யைத் தேடுகிறார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா மகன் இப்படித்தான் வந்தான். "அங்க என்னடா பிடிச்சது?" என்று கேட்டேன். "மரம், மாமா." கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்புறம்... சும்மா உக்காந்திருந்தோம், யாரும் வந்து விரட்டல." முதல் பதிலை வைத்துக்கொண்டு தேடினால் மலையடிவாரத்துக் கல்லூரிகளாக வந்து நிற்கும். இரண்டாவது பதிலை வைத்துத் தேடினால் ஊருக்கு நடுவில் இருக்கும் கல்லூரிகளும் பட்டியலில் சேரும், மலையடிவாரத்துக் கல்லூரிகளில் சில கழன்றுபோகும். அவன் மனதில் இருந்தது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றியது.

விரட்டப்படாத அந்தச் சூழல்தான் தேவை என்றால் நான் முதலில் சொல்வது மதுரை அமெரிக்கன் கல்லூரியை. 1881-இல் பசுமலையில் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகையின் வடகரைக்கு வந்தது. இடப்பரப்பில் எம்.சி.சி.யோடு ஒப்பிடவே முடியாது. வாசலுக்கு வெளியே கோரிப்பாளையம்: பேருந்து, ஆம்புலன்ஸ், தர்கா, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் கூட்டம், ஓயாத ஹாரன். உள்ளே சிவப்புச் செங்கல் கட்டடங்கள், பெரிய மரங்கள், டேனியல் பூர் நூலகம். வாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே வெளிச்சத்தம் அடங்கிவிடும். மரத்தடித் திண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் கேட்பார் இல்லை என்பது அங்கே படித்தவர்கள் சொல்லும் பெருமை.

இந்தக் குணம் தானாக வந்ததில்லை. எம்.சி.சி., லயோலா, அமெரிக்கன் கல்லூரி மூன்றும் 1978-இலேயே தன்னாட்சி பெற்றவை. தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓடியிருக்கின்றன. அமெரிக்காவின் ஒபர்லின் கல்லூரியிலிருந்து இளம் பட்டதாரிகள் வந்து தங்கி, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் மதுரையில் பல பத்தாண்டுகள் இருந்தது. சாலமன் பாப்பையா தமிழ்த் துறையில் பணியாற்றியது இங்கேதான். ஆசிரியரோடு நின்று வாதாடலாம் என்ற பழக்கம் ஒரு கல்லூரியில் வேரூன்றிவிட்டால் லேசில் போகாது. மரம் நட்டு முப்பது வருடத்தில் நிழல் வாங்கிவிடலாம். இந்தப் பழக்கத்தை அப்படி வாங்க முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். சில படிப்புகள் நகருக்கு வெளியே, அழகர்கோவில் பக்கம் சத்திரப்பட்டியில் இருக்கும் இன்னொரு வளாகத்தில் நடக்கின்றன. கோரிப்பாளையம் வளாகத்தைப் பார்த்து மயங்கி விண்ணப்பம் போடுபவர்கள், தங்கள் பாடம் எந்த வளாகத்தில் நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

பெண்களுக்கு இதே பரம்பரையில் இரண்டு கல்லூரிகள் உண்டு. மதுரையில் லேடி டோக், 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கியது. அமெரிக்கன் கல்லூரிக்குப் பக்கத்திலேயே தல்லாகுளம். சென்னையில் உமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரி, 1915-இல் பல மிஷன்கள் கூடித் தொடங்கியது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் டவ்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைச் சுற்றிய தோட்டம். இரண்டுமே எம்.சி.சி.யைவிடச் சிறியவை. ஒரே துறைக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்கும் அளவு. அது சிலருக்கு வரம், சிலருக்கு மூச்சு முட்டும். பெண்கள் விடுதி என்பதால் இன் டைம் எத்தனை மணி, வார இறுதியில் வெளியே போக யார் கையெழுத்து வேண்டும், லோக்கல் கார்டியன் கட்டாயமா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வளாகம் எத்தனை அழகாக இருந்தாலும் அன்றாட வாழ்க்கை இந்த விதிகளுக்குள்தான் ஓடும்.

அடுத்து நான் சொல்லும் ஊரைப் பலர் யோசிப்பதே இல்லை: பாளையங்கோட்டை. அங்கே தனித்தனியாக எந்தக் கல்லூரியும் எம்.சி.சி. மாதிரி இல்லை. ஊரே ஒரு வளாகமாக இருப்பதுதான் விசேஷம். செயின்ட் ஜான்ஸ் 1878, சாரா டக்கர் 1895, செயின்ட் சேவியர்ஸ் 1923. இவற்றோடு பழைய பள்ளிகள், காது கேளாதோருக்கான பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி, தேவாலயங்கள், அகலமான நிழல் சாலைகள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வதில் மிகை உண்டு, முழுக்கப் பொய்யும் இல்லை. சாயங்காலம் சைக்கிளிலும் பைக்கிலும் தெருவில் திரிகிற கூட்டத்தில் பாதி மாணவர்களாகத்தான் இருக்கும். டீக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், மெஸ் நடத்தும் அக்கா எல்லோருக்கும் செமஸ்டர் எப்போது என்று தெரியும். வளாகச் சுவருக்குள் கிடைக்கவேண்டியது தெருவிலேயே கிடைக்கிறது. ஆற்றைத் தாண்டினால் திருநெல்வேலி டவுன், அல்வா, நெல்லையப்பர். சேவியர்ஸில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. தமிழ் படிக்க நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சென்னையைவிடக் குறைவு என்பதை அப்பாக்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

சரி, நிஜமாகவே காடுதான் பிடித்தது என்றால்? அப்போது பாதை மாறும். ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடாகச் சொல்லப்படும், அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் ஸ்டோன் ஹவுஸ் இருக்கும் குன்றில் நடக்கிறது. அங்கே விலங்கியலோடு வனவிலங்கு உயிரியலும் படிக்கலாம். அரசுக் கல்லூரி, எனவே கட்டணம் பெரிதாக உறுத்தாது. ஜூன் தொடங்கினால் மழையும் குளிரும் மாதக்கணக்கில் விடாது. சமவெளியிலிருந்து போகும் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் துணி காயாமல் திண்டாடுவார்கள். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் இருக்கும் ஏ.வி.சி. கல்லூரியும் வனவிலங்கு உயிரியலுக்குப் பெயர் பெற்றது. அங்கே மலையும் இல்லை, காடும் இல்லை, சுற்றிலும் வயல். ஆனால் காட்டுக்குள் வேலை பார்க்கும் ஆட்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள். மானைப் பார்த்துக்கொண்டு பி.காம். படிப்பதா, மானைப் பற்றியே படிப்பதா என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இடத்தில் ஒத்துப்போய்ச் சூழலில் நேர் எதிராக நிற்கும் கல்லூரிகளும் உண்டு. ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான்.

மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், சோழவந்தான் பக்கம் திருவேடகம். சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்து ஏறி வந்து நின்றதாகச் சொல்லும் தலம். அங்கே சுவாமி சித்பவானந்தர் 1971-இல் தொடங்கிய விவேகானந்த கல்லூரி ஆண்களுக்கான குருகுலம். ஆற்றங்கரை, தோப்பு, அமைதி. எல்லோரும் வளாகத்திலேயே தங்குகிறார்கள். காகிதத்தில் பார்த்தால், எம்.சி.சி. ஹாலில் கிடைப்பதைவிட அதிகமாகவே இங்கே கூட வாழும் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் வழிபாடும் ஒழுங்கும்தான் அந்த நாளின் முதுகெலும்பு. அதற்காகவே பிள்ளையை அங்கே சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. சேர்ந்து நன்றாக வந்தவர்களும் நிறையப் பேர். சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்பட்ட என் அக்கா மகனை அங்கே அனுப்பினால் ஒரு மாதம் தாங்க மாட்டான்.

காந்திகிராமத்தின் சூழல் எம்.சி.சி.க்கும் திருவேடகத்துக்கும் நடுவில். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலையைப் பார்த்தபடி விரிந்த வளாகம். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கியது, கிராமிய நிறுவனமாக 1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கிராமத்துக்குப் போய்த் தங்கி வேலை செய்வது படிப்பின் பகுதி. கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, வேளாண்மை என்று பாடங்களும் அதற்கேற்றவை. மரமும் திறந்தவெளியும் வேண்டும், கொஞ்சம் எளிமையும் கட்டுப்பாடும் பரவாயில்லை என்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சனிக்கிழமை சினிமா முக்கியம் என்றால் வேண்டாம்.

திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியை எதில் சேர்ப்பது என்று யோசித்தேன். 1951-இல் சலேசிய சபையார் தொடங்கியது, ஏலகிரி மலை கண்ணில் படும் தூரம், ஜோலார்பேட்டை ஜங்ஷன் பக்கம் என்பதால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரயில் சுலபம். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அதிகம். வீட்டில் முதல்முறை கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் பலர். எம்.சி.சி.யில் இருக்கும் இங்கிலீஷ் மிதப்பு இல்லை. அந்த மிதப்புதான் ஒருவருக்கு எம்.சி.சி.யில் பிடித்தது என்றால் (வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் உண்டு) இங்கே அது கிடைக்காது. மிதப்பைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு இது நிம்மதியான இடம்.

திருச்சி பற்றிச் சுருக்கமாக. செயின்ட் ஜோசப்ஸ் 1844-இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-இல் திருச்சிக்கு வந்தது, அப்துல் கலாம் படித்தது, மலைக்கோட்டை நிழலில், கடைவீதிக்கு நடுவில். பிஷப் ஹீபர் கல்லூரி புத்தூர்ப் பக்கம் வயலூர் ரோட்டில். இரண்டும் படிப்பில் நல்ல பெயர் உள்ளவை, இரண்டும் கூட்டம் மிகுந்தவை. லயோலாவும் அப்படியே. நுங்கம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து எட்டி நடந்தால் வாசல், நூறு ஏக்கருக்குச் சற்றே குறைவான இடம், 1925-இலிருந்து இயேசு சபையின் ஒழுங்கு. எம்.சி.சி.க்கு விண்ணப்பிக்கும் எல்லோரும் லயோலாவுக்கும் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் இரண்டும் ஒரே ரகம் என்று நினைத்துக்கொண்டு போட வேண்டாம். லயோலாவின் வேகம் சென்னை நகரத்தின் வேகம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வேறு அளவு: 1929-இலிருந்து தனக்கென்று ஒரு நகரையே வைத்திருக்கும் இடம், கல்லூரி அனுபவம் தேடுபவர் அதில் தொலைந்துபோகலாம்.

எந்தக் கல்லூரி என்று பேசிக்கொண்டே இருப்போம், அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்க மறந்துவிடுவோம்: எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? மேலே சொன்ன பழைய தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பெயர்ப் பலகைக்குப் பின்னால் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. அரசு சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்கள் நடத்தும் எய்டட் பிரிவு ஒன்று. நிர்வாகமே கட்டணம் வாங்கி நடத்தும் பிரிவு இன்னொன்று. 1990-களுக்குப் பிறகு வந்த பி.சி.ஏ., விஸ்காம் மாதிரிப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான். கட்டண வித்தியாசம் பல மடங்கு. சில இடங்களில் நேர வித்தியாசமும் உண்டு: காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட். மதியம் ஒரு மணி வாக்கில் அப்படி ஒரு கல்லூரியின் வராந்தாவில் நின்று பாருங்கள். ஒரு கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும், இன்னொரு கூட்டம் அதே பெஞ்சில் வந்து உட்காரும். இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மதிய ஷிஃப்டில் படிப்பவன் வெளியே வரும்போது விளையாட்டு மைதானத்தில் இருட்டு, நாடகப் பயிற்சி முடிந்திருக்கும், நூலகம் மூடும் நேரம். அவனுக்கு அந்தக் கல்லூரியின் சூழல் என்று எதுவும் மிஞ்சாது. எம்.சி.சி. போன்ற இடத்தில் மதியப் பிரிவா, வேறொரு சுமாரான பெயருள்ள கல்லூரியில் காலை எய்டட் பிரிவோடு விடுதியா என்று வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன்.

நேரில் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். போகும் மாதம்தான் சிக்கல். முடிவுகள் மே மாதம் வருகின்றன. 2025-இல் மே 8. அப்போது எல்லா வளாகங்களும் காலி. வேப்பமரத்தடியில் குயில் கூவும், வாட்ச்மேன் அன்பாகப் பேசுவார், எந்தக் கல்லூரியும் ஆசிரமம் மாதிரி இருக்கும். பிளஸ் டூ படிக்கும்போதே, அரையாண்டு விடுமுறைக்கு முன்போ பொங்கல் கழிந்தோ, ஒரு வேலை நாளில் மூன்று மணிக்குப் போய் ஆறு மணி வரை இருந்து பாருங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளின் தேதியைப் பாருங்கள். எல்லாமே ஃபீஸ், அட்டெண்டன்ஸ் அறிவிப்பாக இருந்தால் அதுவும் ஒரு செய்தி. கேன்டீனில் ஆசிரியர்கள் உட்காருகிறார்களா என்று பாருங்கள். மே மாதம்தான் போக முடிந்தது என்றால் வளாகத்தைப் பார்ப்பதைவிட அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடிப்பது மேல். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் பிடிக்கும், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எதுவும் பிடிக்காது.

விண்ணப்பம் போடும் முறையும் ஒன்றில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற ஒரே இணையதளம். முடிவு வந்த கையோடு திறந்துவிடுவார்கள். எய்டட் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. பொருளாதாரக் கணக்கில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வெளியூர் விடுதியா, உள்ளூர் கல்லூரியா என்று இழுபறியில் இருக்கும் வீட்டில் அந்த ஆயிரம் தராசை ஒரு பக்கம் சாய்க்கக் கூடும்.

என் அக்கா மகனுக்கு நான் எழுதிக்கொடுத்த வரிசை: எம்.சி.சி.யில் ஹால் கிடைத்தால் எம்.சி.சி. இல்லையென்றால் அமெரிக்கன் கல்லூரி எய்டட். அதுவும் இல்லையென்றால் பாளையங்கோட்டையில் எது கிடைக்கிறதோ அது. மதிய ஷிஃப்ட் எங்கே கிடைத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.